கெனில்வொர்த் கோட்டை: அரணும் மனையும் சிதைவும்

முன்னுரை

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் வாரிக்சயர் மாவட்டத்தில் அமைந்துள்ள கெனில்வொர்த் கோட்டை, அந்நாட்டின் இடிபாடுகளுள் அளவாலும் வரலாற்றாலும் முதன்மையான ஒன்றாகும். கவென்ட்ரி, வாரிக் ஆகிய இரு நகரங்களுக்கும் இடையில், செம்மணற்கல்லால் எழுப்பப்பட்டுக் கூரையிழந்து நிற்கும் இக்கோட்டையை ஆண்டுதோறும் ஏராளமான பயணிகள் கண்டு செல்கின்றனர். அவர்களுட் பலர், இடிந்த சுவர்களைக் காலத்தின் வேலைப்பாடாகவே கருதுகின்றனர். காற்றும் மழையும் நூற்றாண்டுகளும் சேர்ந்து இக்கோட்டையைச் சிதைத்தன என்பது அவர்தம் எண்ணம். வரலாற்றுச் சான்றுகள் இதற்கு மாறாக உள்ளன. கெனில்வொர்த் தானாக இடிந்த கோட்டையன்று; 1649ஆம் ஆண்டு நாடாளுமன்ற ஆட்சியின் ஆணைப்படி இடிக்கப்பட்ட கோட்டை. ஓர் இடிபாட்டைப் பார்க்கும்போது ‘எவ்வளவு பழையது?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘யார் இடித்தார், எதற்காக இடித்தார்?’ என்றும் கேட்க வேண்டியதன் தேவையை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

சொல்லாட்சி பற்றிய ஒரு குறிப்பை இங்கே கூறுதல் பொருந்தும். தமிழில் ‘கோட்டை’ என்னும் சொல் படையிருக்கும் அரணையும் குறிக்கும். நகரைச் சூழ்ந்த மதிலையும் குறிக்கும். இடைக்கால ஐரோப்பாவின் ‘காசில்’ இவற்றினின்று சற்று வேறானது. அது ஒரு பிரபுவின் அல்லது மன்னனின் இல்லம். அதே வேளையில் படைவீடு, வழக்கு மன்றம், சிறைக்கூடம், கருவூலம் ஆகியவையும் அதுவே. அரணும் மனையும் ஒன்றாய் இணைந்த அமைப்பு என்ற வகையில், ‘அரண்மனை’ என்னும் கூட்டுச்சொல்லின் பகுதிகள் தரும் பொருள் இதற்கு நெருங்கி வருகிறது. வழக்கில் அச்சொல் இன்று அரசமாளிகையை மட்டுமே குறிப்பதாயினும், கெனில்வொர்த்தின் ஐந்நூறு ஆண்டு வரலாற்றை விளக்க அது நல்ல திறவுகோலாக அமைகின்றது. அரணாகத் தோன்றிய அக்கோட்டை படிப்படியாக மனையாக மாறியது. மனையாக இருந்த காலத்தில், அதன் பழைய அரண்தன்மை காரணமாகவே அழிக்கப்பட்டது.

தோற்றமும் நீரரணும்

கெனில்வொர்த் கோட்டைக்கு அடித்தளமிட்டவர் ஜெஃப்ரி டி கிளின்டன். மன்னர் முதலாம் ஹென்றியின் அவையில் உயர்பதவி வகித்த அவர், 1120களில் கோட்டையையும் அதனருகே அகஸ்டினியத் துறவியர் மடம் ஒன்றையும் நிறுவினார். அருகிலிருந்த வாரிக் கோட்டையின் பிரபுவுக்கு எதிர்நிலையில் தமக்கு வேண்டிய ஒருவரை நிறுத்துவது மன்னரின் நோக்கமாக இருந்தது என்பர். பின்னர், இரண்டாம் ஹென்றியின் காலத்தில், கோட்டை அரசுடைமையாயிற்று. அக்காலத் தொடக்கத்தின் எச்சமாக இன்று நிற்பது பெருங்கோபுரம். நான்கு மூலைகளிலும் தடித்த சிறுகோபுரங்களைக் கொண்ட அதன் சுவர்கள், சில இடங்களில் நான்கு மீட்டருக்கும் மேற்பட்ட கனமுடையவை.

இக்கோட்டையைப் பிற கோட்டைகளினின்று வேறுபடுத்திக் காட்டுவது நீரரணேயாகும். மன்னர் ஜான் 1210ஆம் ஆண்டிற்கும் 1216ஆம் ஆண்டிற்கும் இடையில் ஆயிரம் பவுனுக்கு மேல் செலவிட்டு, வெளிமதிலைக் கல்லால் கட்டுவித்தார். அருகே ஓடிய சிற்றோடைகளைக் குறுக்கே அணையிட்டுத் தேக்கினார். அதன் பயனாகக் கோட்டையின் தெற்கிலும் மேற்கிலும் ஏறத்தாழ 100 ஏக்கர் பரப்பில் ஓர் ஏரி உருவாயிற்று. அகழி என்ற நிலையைக் கடந்து, கோட்டையே நீரின் நடுவில் மிதப்பது போன்ற தோற்றத்தை அது தந்தது. திருக்குறளின் ‘அரண்’ அதிகாரம் நீர், நிலம், மலை, காடு ஆகியவற்றை அரணுக்கு உறுப்புகளாகக் கூறுவதைத் தமிழாசிரியர்கள் அறிவர். மலையில்லாத சமநிலத்தில் அமைந்த கெனில்வொர்த், அக்குறையை நீரால் நிறைவு செய்துகொண்டது.

இன்று கோட்டையைக் காணச் செல்வோர் பழைய அணைக்கட்டின் மேலேயே நடந்து உள்ளே நுழைகின்றனர். பிற்காலத்தில் குதிரைவீரர்களின் ஈட்டிப் போட்டிக்குப் பயன்பட்டமையால், அது போட்டிக்களத்தின் பெயராலேயே வழங்கப்படுகிறது. அதன் ஒருபுறம் விரிந்து கிடக்கும் பசும்புல்வெளிதான் ஏரி இருந்த இடம். வழிகாட்டி ஒருவர் சொல்லாவிடில், தாம் நடப்பது ஓர் அணையின் மேல் என்பதைப் பயணி உணர்வது அரிது. கோட்டையின் வலிமைக்குக் காரணமான உறுப்பே இன்று கண்ணுக்குப் புலப்படாத உறுப்பாகிவிட்டது.

1266ஆம் ஆண்டு முற்றுகை

நீரரணின் வலிமை சோதிக்கப்பட்ட நிகழ்ச்சி 1266ஆம் ஆண்டில் நடந்தது. மன்னர் மூன்றாம் ஹென்றி 1244ஆம் ஆண்டில் கெனில்வொர்த்தைத் தம் தங்கையின் கணவரான சைமன் டி மான்ட்ஃபர்ட்டிடம் ஒப்படைத்திருந்தார். அந்தச் சைமனே பின்னர் மன்னருக்கு எதிரான பிரபுக்களின் தலைவரானார். 1264ஆம் ஆண்டு லூயிஸ் போரில் மன்னரைச் சிறைப்பிடித்த அவர், 1265ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நகரங்களின் பிரதிநிதிகளையும் உள்ளடக்கிய நாடாளுமன்றத்தைக் கூட்டினார். அதே ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் ஈவ்ஷம் போர்க்களத்தில் அவர் கொல்லப்பட்டார்.

தலைவர் வீழ்ந்த பின்னும் கிளர்ச்சி அடங்கவில்லை. அதற்கு மன்னர் தரப்பின் செயலே காரணமாயிற்று. சைமனுடன் நின்றோரின் நிலங்கள் அனைத்தும் பறிக்கப்படும் என்ற முடிவு, அவர்களை ‘உரிமை இழந்தோர்’ என்னும் பிரிவினராக்கியது. பணிந்தாலும் நிலமில்லை, எதிர்த்தாலும் நிலமில்லை என்ற நிலையில், அவர்கள் எதிர்ப்பதையே தேர்ந்தெடுத்தனர். ஏறத்தாழ 1,200 பேர் கெனில்வொர்த்தினுள் புகுந்து கதவடைத்துக்கொண்டனர்.

தமிழ்ப் புறத்திணை மரபு, மதிலை வளைத்தலை உழிஞை என்றும் மதிலைக் காத்தலை நொச்சி என்றும் பகுத்துரைக்கும். அவ்விரண்டும் கெனில்வொர்த்தில் ஆறு திங்கள் அளவும் நேருக்குநேர் நின்றன. 1266 ஜூனில் தொடங்கிய முற்றுகை டிசம்பர் வரை நீடித்தது. கல்லெறி பொறிகளும் மரக்கோபுரங்களும் மதிலுக்கு எதிரே நிறுத்தப்பட்டன. ஏரியின் வழியே தாக்குவதற்குச் செஸ்டர் நகரிலிருந்து படகுகள் கொண்டுவரப்பட்டன. உள்ளிருந்தோரும் தம் பொறிகளால் பதிலடி கொடுத்தனர். போப்பாண்டவரின் தூதரான கர்தினால் ஒட்டோபுவோனோ அவர்களைத் திருச்சபையிலிருந்து விலக்கி அறிவித்தபோது, உள்ளிருந்த ஒருவர் கர்தினாலைப் போல வேடமிட்டு மதில்மேல் நின்று, மன்னரையும் தூதரையும் விலக்குவதாக எதிரறிவிப்புச் செய்தார் என்று அக்காலக் குறிப்பேடு கூறுகிறது.

முற்றுகையை முடிவுக்குக் கொண்டுவந்தவை பொறிகள் அல்ல. பசியும் நோயும் ஓர் ஆவணமுமே. பன்னிருவர் அடங்கிய குழு வகுத்த ‘கெனில்வொர்த் தீர்ப்பாணை’ 1266 அக்டோபர் 31ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. பறிக்கப்பட்ட நிலங்களை உரியவர்கள் பணம் செலுத்தி மீட்டுக்கொள்ளலாம் என்பது அதன் மையக்கூறு. குற்றத்தின் அளவுக்கேற்ப மீட்புத்தொகை வேறுபட்டது. பெரும்பாலோர் நிலத்தின் ஐந்தாண்டு வருவாயைச் செலுத்த வேண்டும். தலைமை தாங்கியோருக்கு அது ஏழாண்டு வருவாயாயிற்று. சிறுபங்கு கொண்டோருக்கு ஓராண்டு, ஈராண்டு அளவில் குறைந்தது. அதே ஆணை மன்னரின் அதிகாரத்தை முழுமையாக மீட்டுத் தந்ததோடு, சைமனைப் புனிதராகப் போற்றுவதையும் தடைசெய்தது.

உள்ளிருந்தோர் முதலில் இதனை ஏற்கவில்லை. உணவு தீர்ந்து, குளிரும் நோயும் வாட்டிய நிலையில் டிசம்பர் நடுப்பகுதியில் அவர்கள் கோட்டையைவிட்டு வெளியேறினர். பகைவர் கொள்ளுதற்கு அரியதாதலுடன் உள்ளே உணவு மிகுந்திருத்தலையும் அரணின் இலக்கணமாக வள்ளுவர் சேர்த்துக் கூறியமை இவ்விடத்தில் எண்ணத்தக்கது. நீர் காத்த கோட்டையை நெல்லும் கோதுமையும் போன்ற உணவுப்பொருளின் இன்மை வீழ்த்தியது. எனினும், அடைபட்டிருந்தோர் கொல்லப்படவில்லை என்பதும் நிலத்தை மீட்கும் வழி அவர்களுக்குத் திறந்தே இருந்தது என்பதும் முக்கியமானவை. தண்டனையைப் பேரமாக மாற்றிய அவ்வாணை, உள்நாட்டுப் போருக்குப் பின் எதிர்த்தோரை எவ்வாறு மீண்டும் நாட்டோடு இணைப்பது என்னும் சிக்கலுக்கு வகுக்கப்பட்ட தொடக்ககால விடைகளுள் ஒன்றாகும். 1267ஆம் ஆண்டின் மார்ல்பரோ சட்டம் அதனை உறுதிப்படுத்தியது.

ஒரு மன்னரின் முடிதுறப்பு

முற்றுகைக்குப் பின் கோட்டை மன்னரின் இளைய மகன் எட்மண்டுக்கு வழங்கப்பட்டு, லங்காஸ்டர் மரபினரின் உடைமையாயிற்று. 1322ஆம் ஆண்டில், அம்மரபின் தலைவரான தாமஸ் மன்னர் இரண்டாம் எட்வர்டால் கொல்லப்பட்டார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், ஆட்சியை இழந்து பிடிபட்ட அதே எட்வர்டு, தாமசின் தம்பியான ஹென்றியின் காவலில் கெனில்வொர்த்துக்கே கொண்டுவரப்பட்டார்.

1327 ஜனவரியில் நாடாளுமன்றத்தின் சார்பில் ஒரு குழு கெனில்வொர்த்துக்கு வந்தது. மன்னர் தம் மகனுக்காக முடிதுறக்க வேண்டும். மறுத்தால் மகனுக்கும் அம்முடி கிடைக்காமற் போகலாம் என்று அவரிடம் தெரிவிக்கப்பட்டது. கண்ணீருடன் அவர் இசைந்தார். அரண்மனை மேலாளர் தம் பதவிக்கோலை அங்கேயே முறித்து, மன்னரின் இல்லம் கலைந்ததை அறிவித்தார். நார்மானியர் ஆட்சிக்குப் பின் இங்கிலாந்து மன்னர் ஒருவர் முறைப்படி முடிநீக்கப்பட்டது இதுவே முதன்முறையாகும். 1266இல் மன்னரின் அதிகாரத்தை முழுமையாக நிலைநாட்டிய ஆணைக்குப் பெயர்தந்த கோட்டையில், அறுபது ஆண்டுகளுக்குப் பின் மன்னர் ஒருவரின் அதிகாரமே பறிக்கப்பட்டது. இன்று அக்கோட்டையில் நடப்போர் இந்நிகழ்ச்சி நடந்த அறையைக் காண இயலாது. பின்னர் வந்த கட்டடங்கள் அக்காலக் கட்டடங்களை மறைத்துவிட்டன.

அரண் மனையாதல்

பதினான்காம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் கெனில்வொர்த்தின் இயல்பு மாறத் தொடங்கியது. லங்காஸ்டர் கோமகனான கான்ட் ஊர் ஜான், 1370களில் தொடங்கி, உட்கோட்டையைப் பெருமாளிகையாக மாற்றினார். அவர் கட்டிய பேரவைக்கூடம் ஏறத்தாழ 27 மீட்டர் நீளமும் 14 மீட்டர் அகலமும் உடையது. நடுவே தூணின்றிக் கூரையைத் தாங்கிய அதன் அகலம், வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தோடு ஒப்பிட்டுப் பேசப்பட்டது. கூரையும் தளமும் இன்றில்லை. எனினும், உயர்ந்து நிற்கும் சாளரங்களின் கற்சட்டங்களைக் கீழிருந்து நோக்குவோர்க்கு ஒரு செய்தி தெளிவாகும். தாக்குதலை எதிர்பார்த்த ஒருவர் இத்தகைய அகன்ற சாளரங்களை அமைத்திருக்க மாட்டார். பெருங்கோபுரத்தின் குறுகிய திறப்புகளும் இக்கூடத்தின் அகன்ற சாளரங்களும் அருகருகே நின்று, இருவேறு காலங்களின் மனநிலையைக் காட்டுகின்றன.

ஜானின் பேரனான ஐந்தாம் ஹென்றி, ஏரியின் மறுகரையில் நீர்சூழ்ந்த இன்பமாளிகை ஒன்றை அமைத்தார். பிரெஞ்சுத் தரப்பினர் அவருக்கு டென்னிஸ் பந்துகளை அனுப்பி இகழ்ந்தனர் என்னும் கதையோடும் கெனில்வொர்த் தொடர்புபடுத்தப்படுகிறது. அக்கதையைப் பதிந்தவர்களுள் ஒருவர் கெனில்வொர்த் மடத்தைச் சேர்ந்த ஜான் ஸ்ட்ரெச் என்னும் துறவி என்பது குறிப்பிடத்தக்கது.

மனையாதல் உச்சத்தை எட்டியது முதலாம் எலிசபெத்தின் காலத்தில். 1563ஆம் ஆண்டில் அரசியார் இக்கோட்டையைத் தம் அன்புக்குரிய ராபர்ட் டட்லிக்கு வழங்கினார். அடுத்த ஆண்டு அவர் லெஸ்டர் பிரபுவானார். அரசியார் தங்குவதற்கென்றே நான்கு அடுக்குக் கட்டடம் ஒன்றை டட்லி எழுப்பினார். வடக்கில் புதிய வாயில்மாளிகையையும் அமைத்தார். 1575 ஜூலை 9 முதல் 27 வரை, பத்தொன்பது நாட்கள் அரசியார் இங்கே தங்கினார். ஏரியில் மிதக்கும் தீவில் ‘ஏரித் தலைவி’ வேடமிட்ட நடிகை வரவேற்றல், வாணவேடிக்கை, வேட்டை, கவென்ட்ரி நகரத்தாரின் நாடகம் எனக் கொண்டாட்டங்கள் தொடர்ந்தன. கோபுரக் கடிகாரம் இரண்டு மணியில் நிறுத்தி வைக்கப்பட்டதாகவும் கூறப்படுகிறது.

இவற்றை விரித்துரைக்கும் கடிதம் ஒன்று ராபர்ட் லாங்ஹம் என்பவர் பெயரில் கிடைத்துள்ளது. அதன் ஆசிரியர் உண்மையில் யார் என்பது பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நகைச்சுவையும் மிகைப்படுத்தலும் கலந்த அக்கடிதத்தை அப்படியே சான்றாகக் கொள்ளுதல் இயலாது. ஆயினும் அக்கடிதம் வருணிக்கும் தோட்டத்தின் நீரூற்று அடித்தளம் அகழாய்வில் வெளிப்பட்டது. எழுத்துச் சான்றும் மண்ணின் சான்றும் பொருந்தியமையால், 2009ஆம் ஆண்டில் அத்தோட்டம் மீட்டுருவாக்கம் செய்யப்பட்டது. பளிங்கு நீரூற்று, பறவைக்கூடம் ஆகியவற்றுடன் இன்று பயணிகள் காண்பது அதுவே. பழையதன் எச்சத்தையும் பழையதைப் போன்ற புதியதையும் பிரித்தறியும் பயிற்சியை மாணவர்க்கு அளிக்க இது ஏற்ற இடமாகும்.

கொண்டாட்டத்தின் உள்ளே ஏமாற்றமும் இருந்தது. திருமணத்தின் மேன்மையை அரசியாருக்கு உணர்த்தும் நோக்கில் ஜார்ஜ் காஸ்கோய்ன் எழுதிய நாடகம் ஒன்று நடிக்கப்படாமலே நின்றது. தக்க வாய்ப்பும் வானிலையும் அமையவில்லை என்று காரணம் கூறப்பட்டது. டட்லியின் நெடுங்கால எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. 1578இல் அவர் வேறொருவரை மணந்தார்.

இடிப்பும் அதன் அரசியலும்

1642ஆம் ஆண்டில் மன்னருக்கும் நாடாளுமன்றத்திற்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. எட்ஜ்ஹில் போரை அடுத்து மன்னரின் படை வெளியேற, கெனில்வொர்த் நாடாளுமன்றப் படையின் வசமாயிற்று. பெரும்போர் எதுவும் இங்கே நடைபெறவில்லை. ஆயினும் 1649இல், மன்னர் முதலாம் சார்லஸ் தலைவெட்டப்பட்ட அதே ஆண்டில், கோட்டையைப் பயனற்றதாக்க ஆணை பிறந்தது. எதிரிகள் மீண்டும் கைப்பற்றினால் அது அவர்களுக்கு அரணாகிவிடும் என்பதே அச்சம்.

பெருங்கோபுரத்தின் வடசுவர் தகர்க்கப்பட்டது, வெளிமதிலின் பகுதிகள் வீழ்த்தப்பட்டன, ஏரி வடிக்கப்பட்டது. இப்பணியை மேற்கொண்ட தளபதி ஜோசப் ஹாக்ஸ்வொர்த்தும் அவருடைய அலுவலர்களும் கோட்டை நிலங்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். டட்லியின் வாயில்மாளிகையின் நுழைவழியை அடைத்து, அதனைத் தம் குடியிருப்பாக ஹாக்ஸ்வொர்த் ஆக்கிக்கொண்டார். கோட்டையில் இன்றும் கூரையுடன் நிற்கும் கட்டடங்களுள் அது ஒன்றாக இருப்பதற்கு இதுவே காரணம். இடித்தவர் வாழ்ந்த இடம் தப்பியது. அவருக்குத் தேவைப்படாதது சிதைந்தது. பொதுநன்மையின் பெயரால் நடந்த இடிப்பில் தனிநலமும் கலந்திருந்தமை இதனால் புலனாகிறது.

வில்லியம் டக்டேல் 1656ஆம் ஆண்டு வெளியிட்ட வாரிக்சயர் வரலாற்று நூலில் ஹோலர் செதுக்கிய கெனில்வொர்த் காட்சிகள் இடம்பெற்றன. மறைந்துகொண்டிருந்த ஒன்றை ஏட்டில் காக்கும் முயற்சியாக அதனைக் கொள்ளலாம்.

அரசியல் அச்சத்தால் கோட்டையை இடிக்கும் இவ்வழக்கம் இங்கிலாந்தோடு நின்றுவிடவில்லை. மலாக்காவில் போர்த்துகீசியர் எழுப்பிய ஆ ஃபமோசா கோட்டையை, அது பிறர் கையில் சேர்ந்தால் தமக்கு இடராகும் என்று கருதி, 1807இல் ஆங்கிலேயர் தகர்த்தனர். சந்தியாகோ வாயில் மட்டுமே எஞ்சியது. நம் மாணவர்கள் கண்முன் காணும் அவ்வாயிலும் கெனில்வொர்த்தின் வடசுவரற்ற கோபுரமும் ஒரே வகையான முடிவின் விளைவுகளாகும்.

புனைவு தந்த மறுவாழ்வு

இடிபாடாகப் புறக்கணிக்கப்பட்ட கெனில்வொர்த் மீண்டும் புகழ்பெற்றது, வால்டர் ஸ்காட் 1821ஆம் ஆண்டு வெளியிட்ட ‘கெனில்வொர்த்’ புதினத்தால். 1575ஆம் ஆண்டு விழாவின்போது டட்லியின் மனைவி ஏமி ராப்சார்ட் கோட்டைக்கு வருவதாக அப்புதினம் அமைந்துள்ளது. உண்மையில் ஏமி அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1560 செப்டம்பர் 8ஆம் நாள், கம்னர் என்னுமிடத்தில் இறந்துவிட்டார். ஆயினும் புதினத்தைப் படித்தோர் திரளாக வந்து, ஏமி நடந்ததாகக் கற்பனை செய்யப்பட்ட இடங்களைத் தேடினர்.

இதனை வெறும் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. அப்புதினம் ஏற்படுத்திய ஆர்வம் கோட்டையைப் பேணவேண்டும் என்னும் உணர்வை வளர்த்தது. 1937இல் தொழிலதிபர் ஜான் சிட்லி அதனை விலைக்கு வாங்கி அரசின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். 1958இல் கோட்டை கெனில்வொர்த் நகருக்கு உரிமையாயிற்று. 1984 முதல் ‘இங்கிலீஷ் ஹெரிட்டேஜ்’ அமைப்பு அதனைப் பராமரித்து வருகிறது. எனினும், புனைவு ஓர் இடத்தைக் காக்கும்போது, அவ்விடத்தின் உண்மை வரலாற்றில் ஒரு பகுதியைத் தன் நிழலில் மறைத்தும் விடுகிறது. பத்தொன்பது நாள் விழாவை அறிந்த பயணிகளுள், ஆறு திங்கள் பசித்திருந்த 1,200 பேரை அறிந்தோர் குறைவு.

முடிவுரை

கெனில்வொர்த் மூன்று முறை அதிகாரத்தின் எல்லையைச் சோதித்த களமாக விளங்கியது. 1266இல் மன்னரை எதிர்த்தோர் பணிந்து, தம் நிலத்தை விலைகொடுத்து மீட்டனர். 1327இல் மன்னரே பணிந்து முடியை இழந்தார். 1649இல் மன்னராட்சியை அகற்றியோர் கோட்டையையே அகற்ற முனைந்தனர். இடையில் வந்த விருந்தும் வாணவேடிக்கையும் இதே அதிகாரத்தின் வேறொரு முகம்.

களப்பயணம் அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இடிபாடுகளை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டலாம். முதலாவது, எஞ்சி நிற்பது, இரண்டாவது, மீட்டுருவாக்கப்பட்டது, மூன்றாவது, காணாமற்போனது. பெருங்கோபுரம் முதல்வகை, தோட்டம் இரண்டாம்வகை, ஏரி மூன்றாம்வகை. இம்மூன்றாவதைக் காணக் கற்பிப்பதே வரலாற்றுக் கல்வியின் கடினமான பகுதி. புல்வெளியைப் பார்க்கும் மாணவன், அங்கே நீர் இருந்ததையும் அந்நீரை வடித்தவர் யார் என்பதையும் எண்ணிப் பார்ப்பானாயின், அவன் வரலாற்றைப் படிக்கத் தொடங்கிவிட்டான் எனலாம். எத்துணைச் சிறப்புடைய அரணாயினும் வினைமாட்சி உடையோர் இல்லாவிடில் பயனில்லை என அரண் அதிகாரத்தை முடித்தார் வள்ளுவர். ஓர் அரண் நிலைப்பதும் அழிவதும் கல்லின் தன்மையைவிட மனிதரின் முடிவுகளையே பெரிதும் சார்ந்துள்ளன என்பதைக் கெனில்வொர்த்தின் உடைந்த சுவர்கள் உறுதிசெய்கின்றன.